ஐஎன்ஜி வந்தால் ஜெரண்டா?

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் புரிந்துவிடும்.

பணி ஓய்வுக்குப் பிறகும் எனக்கு வாட்ஸ்அப்பில் வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது சந்தேகம் கேட்கிறார்கள். பரீட்சை நெருங்கினால் போனுக்கு ஓய்வில்லை. அடிக்கடி வருவது ஒரே கேள்வி. ஜெரண்ட் என்றால் என்ன, பார்ட்டிசிபிள் என்றால் என்ன, இன்ஃபினிட்டிவ் என்றால் என்ன, மூன்றையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?

போன மாதம் ஒரு பிள்ளையை அவள் அம்மா நேரிலேயே கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா என் பழைய மாணவி. வீட்டில் பீடி சுற்றுகிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் கூலியில்தான் அந்தப் பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ். நோட்டைப் பார்த்தேன். மூன்றுக்கும் விளக்கம் மூன்று கலர் மையில் அழகாக எழுதியிருந்தாள். ஒப்பிக்கச் சொன்னால் தண்ணி பட்ட பாடு. ஒரு பத்தியைக் கொடுத்து ஜெரண்டுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். 'மார்னிங்' என்ற சொல்லுக்கும் சேர்த்துப் போட்டாள்.

"இது எப்படிம்மா ஜெரண்ட்?"

"ஐஎன்ஜி வந்தா ஜெரண்டுதானே தாத்தா?"

அது பொழுதின் பெயர், காலை நேரம் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. "எனக்கு இங்கிலீஷ் வராது தாத்தா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. 'எனக்கு வராது' என்று ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு கட்டிவிட்டால், பிறகு எந்தப் படிப்பில் சேரலாம், எந்த வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்பதையெல்லாம் அந்த முடிவுதான் தீர்மானிக்கும். தென்காசியைத் தாண்டிப் போகும்போதே அந்தப் பயம் கூடவே பஸ் ஏறிவிடும். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியும். தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? பக்கத்துப் பீரியடில் தமிழாசிரியர் இதே பாடத்தை வேறு பெயரில் நடத்துகிறார். தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம். பத்தாம் வகுப்புத் தமிழில் தொழிற்பெயரும் வினையாலணையும் பெயரும் பாடமாகவே இருக்கின்றன. அந்தப் பாடத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் உறவு உண்டு என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. மணி அடித்ததும் ஒரு நோட்டை மூடி இன்னொரு நோட்டைத் திறக்கிறார்கள். தமிழ் இலக்கணம் மார்க்குக்கு, ஆங்கில இலக்கணம் பிழைப்புக்கு என்று இரண்டும் தனித்தனிப் பெட்டியில் கிடக்கின்றன.

என் கருத்து இதுதான். ஜெரண்ட், பார்ட்டிசிபிள், இன்ஃபினிட்டிவ் மூன்றையும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கே ஒத்துப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், எங்கே ஒத்துப்போகாது என்பதையும் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். செய்து காட்டுகிறேன்.

நம் ஊர் வேலையையே எடுத்துக்கொள்வோம். பீடி சுற்று.

"பீடி சுற்றுவது கஷ்டமான வேலை." இங்கே 'சுற்றுவது' ஒரு வேலையின் பெயர். தொழிற்பெயர்.

"பீடி சுற்றுகிற பெண்கள்." இங்கே 'சுற்றுகிற' என்பது பெண்கள் என்ற பெயரை எதிர்பார்த்து நிற்கிறது. பெயரெச்சம்.

"பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தாள்." இங்கே 'சுற்றி' என்பது வளர்த்தாள் என்ற வினையை எதிர்பார்த்து நிற்கிறது. வினையெச்சம்.

"பீடி சுற்ற உட்கார்ந்தாள்." இதுவும் வினையெச்சம்தான், ஆனால் நோக்கத்தைச் சொல்கிற 'செய' என்னும் வாய்பாடு.

"பீடி சுற்றினாள்" என்றால் அது முற்று. யார், எப்போது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வாக்கியம் முடிந்துவிட்டது. மேலே சொன்ன நான்கில் எதுவும் அப்படி முடியாது. ஆங்கிலக்காரர் ஃபைனைட், நான்ஃபைனைட் என்று பிரிப்பது இதைத்தான். ஜெரண்ட், பார்ட்டிசிபிள், இன்ஃபினிட்டிவ் மூன்றும் முற்றாக நிற்க முடியாத வினை வடிவங்கள்.

இப்போது அதே நான்கையும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். "ரோலிங் பீடிஸ் இஸ் ஹார்ட் வொர்க்." "த விமென் ரோலிங் பீடிஸ்." "ரோலிங் பீடிஸ், ஷீ பிராட் அப் ஹெர் சில்ட்ரன்." "ஷீ சாட் டவுன் டு ரோல் பீடிஸ்."

கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் முதல் மூன்றிலும் 'ரோலிங்' ஒன்றுதான். மூன்று பேர் ஒரே யூனிஃபார்ம் போட்டு வரிசையில் நிற்கிறார்கள். அதனால்தான் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. தமிழில் அந்த மூவருக்கும் தனித்தனிச் சட்டை. சுற்றுவது, சுற்றுகிற, சுற்றி. ஆகவே ஐஎன்ஜி வரும் ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தமிழில் சொல்லிப் பார். 'வது', 'தல்' என்று வந்தால் ஜெரண்ட். 'கிற', 'த', 'ன' என்று வந்து ஒரு பெயரைத் தேடினால் பார்ட்டிசிபிள். 'து', 'இ' என்று வந்து ஒரு வினையைத் தேடினால் அதுவும் பார்ட்டிசிபிள். ஆங்கிலம் மறைத்து வைத்திருப்பதைத் தமிழ் வெளியே காட்டிவிடுகிறது. விடைத்தாள் பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது.

இன்னும் இரண்டு உதாரணம். 'ஸ்லீப்பிங் பேபி' என்றால் தூங்குகிற குழந்தை. பார்ட்டிசிபிள். 'வாக்கிங் ஸ்டிக்' என்றால்? நடக்கிற கம்பு என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். கம்பு நடக்காது. நடப்பதற்கு உதவும் கம்பு. 'நடப்பது' வந்துவிட்டது, ஆகவே ஜெரண்ட். இதை ஒரு தடவை சிரித்துப் படித்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது, ப்ரிப்பொசிஷனுக்குப் பிறகு ஜெரண்ட் வரும் என்ற விதி. இதை மனப்பாடம் செய்யாதவர் கிடையாது. ஏன் என்று கேட்டவர் குறைவு. தமிழில் காரணம் பளிச்சென்று தெரியும். வேற்றுமை உருபு பெயரோடுதான் சேரும். குற்றால சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பதை, குளிப்பதால், குளிப்பதற்கு, குளிப்பதில். 'குளிப்பது' என்று பெயராக்கிய பிறகுதான் ஐ, ஆல், கு, இல் எல்லாம் ஒட்டுகின்றன. 'குளிக்க' என்பதோடு எந்த உருபையாவது ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதில் பெரும்பகுதியை ஆங்கிலம் சொல்லுக்கு முன்னால் தனியாக வைக்கிறது. அதுதான் ப்ரிப்பொசிஷன். ஆகவே அதன் பக்கத்திலும் பெயர்தான் வர வேண்டும். ஃபார் பேதிங், பை பேதிங், ஃபாண்ட் ஆஃப் பேதிங். 'குளிக்க வந்தார்கள்' என்றால் 'டு பேத்'. 'குளிப்பதற்கு வசதி' என்றால் 'ஃபார் பேதிங்'. இரண்டையும் குழப்பி 'ஃபார் டு பேத்' என்று எழுதுவதை எத்தனை நோட்டில் சிவப்பு மையால் அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

வேலையில் இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒன்று. கடிதத்தின் முடிவில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று எழுதுகிறீர்கள். 'டு' வந்தாலே இன்ஃபினிட்டிவ் என்று கை பழகிவிட்டது. தமிழில் என்ன சொல்வீர்கள்? 'உங்களைச் சந்திப்பதை எதிர்பார்த்திருக்கிறேன்.' சந்திப்பது என்பதோடு 'ஐ' சேர்ந்திருக்கிறது. அப்படியானால் அது பெயர் நிற்கிற இடம். "லுக்கிங் ஃபார்வர்ட் டு தீபாவளி" என்று ஒரு பெயரை வைத்தால் பொருந்துகிறதல்லவா? ஆகவே "டு மீட்டிங் யூ" என்பதே சரி. அந்த 'டு' ப்ரிப்பொசிஷன்.

இனி பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துகிற இடத்துக்கு வருவோம். ஒரே வினைக்குப் பின்னால் ஜெரண்டும் வரும், இன்ஃபினிட்டிவும் வரும், பொருள் மாறும் என்று புத்தகத்தில் தனிப்பட்டியல் போட்டிருப்பார்கள். "ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ", "ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ." தமிழில் சொல்லுங்கள். முதலாவது, டீ குடிப்பதை நிறுத்தினான். இரண்டாவது, டீ குடிக்க நின்றான். முதல் ஆளுக்குச் சர்க்கரை நோய். இரண்டாவது ஆள் பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் நிற்கிறான். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

"ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்." கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. "ரிமெம்பர் டு லாக் த டோர்." கதவைப் பூட்ட ஞாபகம் வைத்துக்கொள். பூட்டியது நடந்து முடிந்தது. பூட்ட என்பது இனிமேல் நடக்க வேண்டியது. புத்தகம் அரைப் பக்கத்தில் விளக்குவதைத் தமிழ் ஒரு விகுதியில் விளக்கிவிடுகிறது.

இதுவரை ஒத்துப்போன இடங்கள். இனி ஒத்துப்போகாத இடம். பாதிப் பிழைகள் பிறக்கிற இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெயரெச்சம் ஆறு வகைப் பெயரைக் கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். ஒப்பித்தது ஞாபகம் இருக்கும். 'சமைத்த' என்று ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த அக்கா, சமைத்த சட்டி, சமைத்த அடுக்களை, சமைத்த சமையல், சமைத்த நாள், சமைத்த குழம்பு. ஆறுக்கும் 'சமைத்த' என்ற ஒரே சொல் போதும். அக்காதான் சமைத்தாள், சட்டி சமைக்கவில்லை, குழம்பு சமைக்கப்பட்டது என்பதையெல்லாம் கேட்கிறவர் தாமாகவே புரிந்துகொள்கிறார். எவ்வளவு வசதி!

ஆங்கில பார்ட்டிசிபிளுக்கு அந்த வசதி கிடையாது. 'குக்ட்' என்றால் சமைக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். 'குக்ட் ரைஸ்' சரி. 'குக்ட் சிஸ்டர்' என்றால் அக்காவையே அடுப்பில் வைத்த கதையாகிவிடும். ஐஎன்ஜி வந்தால் செய்கிறவர். ஈடி, ஈஎன் வந்தால் செய்யப்பட்ட பொருள், அல்லது 'ஃபாலன் லீஃப்', 'ரிட்டயர்ட் டீச்சர்' போல ஒரு மாற்றம் நடந்து முடிந்த ஆள் அல்லது பொருள். அதோடு சரி. இடம், காலம், கருவி எல்லாவற்றையும் இந்த வகையில் சேர்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஆங்கிலம் வேறு ஆட்களை வைத்திருக்கிறது. ஹூ, விச், வேர், வென். த சிஸ்டர் ஹூ குக்ட். த பாட் இன் விச் ஷீ குக்ட். த கிச்சன் வேர் ஷீ குக்ட். த டே வென் ஷீ குக்ட்.

இப்போது யோசியுங்கள். 'நான் படித்த பள்ளி' என்பதை ஒரு பிள்ளை 'மை ஸ்டடீட் ஸ்கூல்' என்று எழுதுகிறது. 'நேற்று வந்த பையன்' என்பதை 'எஸ்டர்டே கேம் பாய்' என்கிறது. வகுப்பில் சிரிக்கிறோம், சிவப்பு மையால் அடிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை அறிவில்லாமல் அப்படி எழுதவில்லை. தமிழின் ஆறு பொருள் பெயரெச்சத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. அதன் தர்க்கம் சரிதான், போய்ச் சேர்ந்த ஊர்தான் வேறு. "தமிழில் ஆறு வாசல், ஆங்கில பார்ட்டிசிபிளுக்கு இரண்டே வாசல், மற்றவற்றுக்கு ஹூ, விச், வேர், வென் வழியாகப் போ" என்று ஒரு வரி சொன்னால் அந்தப் பிழை அடங்கிவிடும். தமிழ் இலக்கணம் தெரியாமல் இந்த ஒரு வரியைச் சொல்ல முடியாது.

இந்த வேறுபாட்டை நம் சீமையிலேயே ஒருவர் ஊன்றிக் கவனித்து எழுதியிருக்கிறார். திசையன்விளை பக்கம் இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல்தான் அவர். 1856-இல் வெளியான தம்முடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில், ஹூ, விச் போன்ற சொற்களுக்குப் பதிலாகத் திராவிட மொழிகள் பெயரெச்சத்தைப் பயன்படுத்துகின்றன என்பதை இம்மொழிகளின் முக்கிய அடையாளங்களுள் ஒன்றாகக் குறித்தார். அவருக்கும் முன்பே வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதை எழுதியது லத்தீன் மொழியில், ஐரோப்பியப் பாதிரிமார்கள் தமிழ் படிப்பதற்காக. சாயர்புரத்தில் பள்ளி நடத்திய போப்பும் தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்கென்று பாடநூல் எழுதினார். பெயரெச்சத்துக்கு ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள், வினையெச்சத்துக்கு வெர்பல் பார்ட்டிசிபிள் என்று அவர்கள் வழி வந்த இலக்கண நூல்கள் பெயர் வைத்திருக்கின்றன.

அதாவது, தங்களுக்குத் தெரிந்த இலக்கணத்தை ஏணியாக வைத்து அவர்கள் நம் மொழிக்குள் ஏறி வந்தார்கள். வெட்கப்படவில்லை. நாம் மட்டும் நமக்குத் தெரிந்த இலக்கணத்தைத் திண்ணையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு அவர்கள் மொழிக்குள் போகிறோம்.

வினையெச்சத்துக்கு வருவோம். "வாக்கிங் டு ஸ்கூல், த ரெய்ன் கேம்" என்று எழுதினால் தவறு. டாங்லிங் பார்ட்டிசிபிள், தொங்குகிற பார்ட்டிசிபிள் என்று அதற்குப் பெயர். ஏன் தவறு என்று ஆங்கிலத்தில் விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பள்ளிக்கு நடந்து மழை வந்தது.' மழையா பள்ளிக்கு நடந்தது? 'செய்து' வாய்பாட்டு வினையெச்சமும் அதை முடிக்கிற வினையும் ஒரே வினைமுதலைக் கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியம் தொட்டு இருக்கிற விதி. ஆங்கிலத்தில் தொங்குகிற பார்ட்டிசிபிளைத் தவறு என்று அடிப்பதும் இதே விதியை வைத்துத்தான். 'நான் நடந்து போகும்போது மழை வந்தது' என்று தமிழில் திருத்தத் தெரிந்த பிள்ளைக்கு, "ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல்" என்று ஆங்கிலத்தில் திருத்துவது பெரிய காரியமில்லை.

'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோமே, பெய்தது மழை, நிறைந்தது குளம், அது எப்படி என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். கேட்க வேண்டும். கீழப்பாவூர் குளத்தைக் காட்டியே பதில் சொல்லலாம். மழை பெய்ததால்தான் குளம் நிறைந்தது. 'பெய்ய' என்று நிற்க வேண்டியது 'பெய்து' என்று திரிந்து நிற்கிறது. இதற்கு எச்சத்திரிபு என்று நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. ஆங்கிலத்திலும் "த ரெயின்ஸ் ஹேவிங் ஃபெயில்ட், த டாங்க் ட்ரைட் அப்" என்று தனி எழுவாயோடு பார்ட்டிசிபிள் வரும். விதிக்கு விலக்கு அங்கேயும் உண்டு.

அடுத்து இன்ஃபினிட்டிவ். எங்கே 'டு' போட வேண்டும், எங்கே போடக் கூடாது? "ஹி மேட் மீ டு க்ரை" என்று எழுதுகிறவர்கள் பட்டதாரிகளிலும் உண்டு. தமிழில் ஒரு வழி இருக்கிறது. 'அழ வைத்தான்', 'போக விடு', 'போக முடியும்', 'போக வேண்டும்', 'போகலாம்'. இவற்றில் வை, விடு, முடியும், வேண்டும் எல்லாம் தனி வேலையைச் சொல்லவில்லை, முன்னால் உள்ள வினைக்குத் துணையாக நிற்கின்றன. இந்த இடங்களில் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் 'டு' வராது. மேட் மீ க்ரை, லெட் மீ கோ, கேன் கோ, மஸ்ட் கோ, மே கோ. 'படிக்க வந்தான்', 'வாங்கப் போனாள்' என்பவற்றில் வந்தான், போனாள் இரண்டும் சொந்தக் காலில் நிற்கிற வினைகள். அங்கே 'டு' வரும். கேம் டு ஸ்டடி, வென்ட் டு பை. ஹேவ் டு, ஆட் டு என்று விலக்குகள் இருக்கின்றன. அந்த ஒரு கை விரல் அளவு விலக்கை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

தமிழ் கை கொடுக்காத இடமும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் சொன்னதெல்லாம் விளம்பரம் ஆகிவிடும். எஞ்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் என்பவற்றுக்குப் பின்னால் ஜெரண்ட்தான் வரும். ஹோப், டிஸைட், ப்ராமிஸ் என்பவற்றுக்குப் பின்னால் இன்ஃபினிட்டிவ்தான் வரும். தமிழில் 'படித்து முடித்தேன்' என்கிறோம், அங்கே வினையெச்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் "ஃபினிஷ்ட் ரீடிங்" என்று ஜெரண்ட் வருகிறது. இங்கே மொழிபெயர்த்துப் பார்ப்பது உதவாது. ஒரு சின்ன அடையாளம் மட்டும் சொல்லலாம். முடிவெடுப்பது, நம்பியிருப்பது, வாக்குக் கொடுப்பது எல்லாம் இனி நடக்கப் போவதைப் பார்க்கின்றன. இன்ஃபினிட்டிவுக்கு அந்த முன்னோக்கும் குணம் அதிகம். மற்றபடி பட்டியலைப் படித்து, வாக்கியத்தில் போட்டுப் போட்டுப் பழக வேண்டியதுதான். குறுக்கு வழி இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்லிவிடுவதுதான் பிள்ளைக்குச் செய்யும் நியாயம்.

இதைச் சொன்னால் சில நண்பர்கள் மறுப்பார்கள், எனக்குத் தெரியும். "ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும். இடையில் தமிழ் வந்தால் பிள்ளை தமிழிலேயே யோசிக்கும்" என்பார்கள். பேசப் பழக்கும்போது அது சரி. கதை சொல்லும்போது, பாட்டுப் பாடும்போது, உரையாட விடும்போது ஆங்கிலமே போதும். ஆனால் இலக்கணம் என்பது விளக்கம். தெரியாத ஒன்றைத் தெரியாத மொழியில் விளக்கினால் அது ஒப்பிக்கத்தான் உதவும். தவிர, தமிழில் யோசிக்காதே என்று நாம் தடுத்தாலும் பிள்ளை தமிழில்தான் யோசிக்கிறது. 'மை ஸ்டடீட் ஸ்கூல்' அதற்குச் சாட்சி. எப்படியும் நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்க விடுவதா, விளக்கு வைத்து நடக்க விடுவதா?

"இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணமும் தெரியாதே" என்பது இன்னொரு மறுப்பு. பெயரெச்சம் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். 'நேத்து வாங்குன பேனா எங்க?' என்று வீட்டில் கேட்கிற பிள்ளைதானே? பெயர் தெரியாவிட்டாலும் வடிவம் வாயில் இருக்கிறது. வடிவத்தைக் காட்டிவிட்டுப் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொல்லப்போனால், தமிழ் இலக்கணம் எதற்கு என்று முகம் சுளிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களே, உங்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு நாள் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள். தொழிற்பெயர் நடத்துகிற வாரத்தில் ஜெரண்டையும் நடத்த முடியுமா என்று பாருங்கள். ஒருவர் போட்ட கரும்பலகையை அழிக்காமல் அடுத்தவர் அதிலிருந்தே தொடங்கட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்கி உட்காராதீர்கள். பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் இருந்து, "இதைத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்கலாம். சுற்றுவதா, சுற்றுகிறவா, சுற்றியா, சுற்றவா என்று பிரித்துச் சொல்ல உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு இதே ஏணி தலைகீழாகப் பயன்படும். துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வளர்கிற நம் பேரப்பிள்ளைகளுக்கு ஜெரண்ட் தெரியும், தொழிற்பெயர் தெரியாது. வீடியோ காலில் அவர்களுக்கு அங்கிருந்து தொடங்கி இங்கே கூட்டி வாருங்கள். போப்பும் கால்டுவெல்லும் வந்த வழிதான்.

கடைசியாக, பழைய வழக்கத்தை விடாமல் ஒரு வீட்டுப்பாடம். மொழியியல் வகுப்புகளில் வெகுகாலமாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு. "விசிட்டிங் ரிலேட்டிவ்ஸ் கேன் பி எ நியூசென்ஸ்." இதற்கு இரண்டு பொருள். தமிழில் இரண்டு வாக்கியங்களாக எழுதி, எது ஜெரண்ட், எது பார்ட்டிசிபிள் என்று கமெண்டில் போடுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், உதாரணம் என்னுடையது அல்ல.

ஞாயிற்றுக்கிழமை திருத்தித் தருகிறேன். பச்சை மையில்தான்.